காது உடைச்ச கேசட்

எங்க அம்மாவோட பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில ஒரு கேசட் இருக்கு. 60 நிமிஷ டிடிகே. மேல நீல மையில "அப்பத்தா - சவுதிக்கு"ன்னு அம்மா கையெழுத்து. அதோட மேல்விளிம்புல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருந்திருக்கணும், ரெண்டையும் உடைச்சு எடுத்திருக்காங்க. கேசட் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது ஏன்னு தெரியும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். அந்த காதை உடைச்சுட்டா டேப் ரெக்கார்டர்ல ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, அதுல இருக்கறத யாரும் அழிச்சு மேல பதிய முடியாது. வேணும்னே அழிக்கணும்னா அந்த ஓட்டை மேல செலோ டேப் ஒட்டிட்டு பதியலாம். எங்க வீட்ல அந்த ஓட்டைய இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒட்டல.

1991ல அப்பா சவுதியில இருந்தாங்க. போன்ல பேசணும்னா டவுனுக்கு போய் எஸ்டிடி பூத்ல நிக்கணும், மீட்டர் ஓடற வேகத்தப் பார்த்தா பேச வந்ததே மறந்து போயிடும். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. அதனால கேசட்ல பேசி, ஊருக்கு வந்துட்டு திரும்பப் போறவங்க கையில குடுத்து விடுவாங்க. வளைகுடாவுக்கு ஆள் போன தமிழ்நாட்டு ஊர்கள்லயும் கேரளாவுலயும் நிறைய வீட்ல இப்படித்தான் நடந்துச்சு. அப்பா அதை அங்க கேட்டுட்டு, வரும்போது பத்திரமா திருப்பிக் கொண்டாந்தாங்க. அப்பத்தா மொத்தம் 22 நிமிஷம் பேசியிருக்கும். மழை பெய்யல, வெள்ளைக் கெடாரி சினையா இருக்கு, நீ நேரத்துக்கு சாப்பிடு. நடுவுல சேவல் ஒண்ணு கூவும், யாரையோ பார்த்து "அந்தப் பக்கம் போய் வெளையாடு"ன்னு அதட்டும், அது நான்தான்.

இப்ப என் போனுக்கு வர்றேன். 14 ஆயிரத்துக்கும் மேல போட்டோ, எண்ண முடியாத அளவுக்கு வாய்ஸ் நோட். போன வருஷம் போன் மாத்தும்போது அம்மா அனுப்புன ரெண்டு வருஷ வாய்ஸ் நோட் மொத்தமும் போயிடுச்சு, நான் ஒரு நாள் வருத்தப்பட்டேன், அப்புறம் மறந்துட்டேன். அம்மா குரலும் அப்பத்தா குரலும் எனக்கு ஒண்ணுதான், ஆனா அந்த கேசட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. இந்த வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன், பழசு மேல இருக்கற பாசம்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறது எனக்கு சரியாப் படல.

இதை ஒழுங்கா சோதிச்சுப் பார்த்தவங்க இருக்காங்க. ஓஸ்குன் அட்டசாய், கேரி மோர்வெட்ஜ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஓல்ட் நார்த் சர்ச்னு ஒரு பழைய தேவாலயம், அந்த நாட்டு சுதந்திரப் போராட்டத்தோட சம்பந்தப்பட்ட இடம். அங்க வந்த சுற்றுலாக்காரங்கள, பால் ரிவியர்ங்கற வரலாற்று மனுஷன் வேஷம் போட்ட ஒருத்தர் பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. பாதிப் பேருக்கு அங்கேயே பிரிண்ட் வர்ற கேமராவுல எடுத்து கையில குடுத்தாங்க, மீதிப் பேருக்கு ஈமெயில்ல அனுப்புனாங்க. இதுக்கு நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, அந்த இடத்தோட பராமரிப்புக்குப் போகும்னு கேட்டப்ப, பிரிண்ட் வாங்குனவங்க ஈமெயில்காரங்கள விட அதிகமா குடுத்தாங்க. ஈமெயில்ல வர்றது மங்காது, கசங்காது, எத்தனை பேருக்கு வேணும்னாலும் அனுப்பலாம். வசதின்னு பார்த்தா அதுதான் ஒசத்தி. ஆனாலும் மதிப்பு பிரிண்டுக்குத்தான் போச்சு.

புத்தகம், சினிமான்னு மாத்தி மாத்திப் பார்த்தும் அதேதான் வந்துச்சு. அச்சடிக்கிற செலவு அதிகம், திருப்பி வித்தா காசு வரும், அதனாலதான் கூட மதிக்கறாங்கன்னு நாம நினைப்போம். அதையெல்லாம் கழிச்சுப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்னுச்சு. "இது என்னோடது"ங்கற உணர்வு கையில புடிக்கற பொருள் மேல வர்ற அளவுக்கு பைல் மேல வர்றதில்லைங்கறதுதான் அவங்க கண்ட காரணம். அதுக்கு ஆதாரமா அவங்க சொன்ன ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. சொந்தமா வாங்காம வாடகைக்கு எடுக்கறோம்னு வச்சுக்கிட்டா, ரெண்டுக்கும் நடுவுல அந்த மதிப்பு வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. திருப்பிக் குடுக்கப் போறதுன்னு தெரிஞ்சா பேப்பரா பைலாங்கறது யாருக்கும் பெருசாத் தெரியல.

இந்தப் பேச்சை எடுத்தாலே சவுண்டுதான் காரணம்னு ஒரு கூட்டம் வந்துடும். அனலாக்ல, அதாவது டேப்லயும் இசைத்தட்டுலயும், அலை அப்படியே இருக்கு, டிஜிட்டல் அதை வெட்டித் துண்டு போடுதுன்னு சொல்லுவாங்க. சிடியில விநாடிக்கு 44,100 தடவை அளவெடுக்கறாங்க, மனுஷக் காது கேக்கற உச்சம் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வு, அதுக்குள்ள இருக்கற அலைய அந்த அளவுகள வச்சு முழுசா திரும்ப உருவாக்கிடலாம், இது கணக்கு, இதுல அபிப்பிராயத்துக்கு இடமில்ல. கேசட்ல டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர் கூட இல்ல, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுது, அந்த "ஸ்ஸ்ஸ்" இரைச்சல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு கேசட் மேல உயிர், ஆனா அதுல சவுண்டு நல்லாயிருந்துச்சுன்னு சொன்னா பொய்.

இசைத்தட்டு விஷயத்துல இது இன்னும் பட்டவர்த்தனமா வெளிய வந்துச்சு. அமெரிக்காவுல மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு கம்பெனி, பழைய ஆல்பங்கள ஒரிஜினல் டேப்ல இருந்து தட்டு போட்டு விக்கறதுல பேர் எடுத்தவங்க, அவங்களோட ஒசத்தி ரகத் தட்டு ஒண்ணு 100 டாலருக்கு மேல. காதுல ஊறிப் போன ரசிகர்கள், விமர்சகர்கள் எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதுனாங்க. 2022 ஜூலையில, அதுல நிறைய தட்டுக்கு நடுவுல டிஜிட்டல் காப்பி ஒண்ணு எடுத்து அதுல இருந்துதான் வெட்டியிருக்காங்கன்னு வெளிய வந்துடுச்சு, அதுவும் பல வருஷமா. அதுவரைக்கும் கேட்டே கண்டுபுடிச்சவங்கன்னு யாரும் இல்ல. கோர்ட்டுக்குப் போச்சு, கடைசியில கம்பெனி வாங்குனவங்களுக்குப் பணம் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. அந்த ரசிகர்கள் கோபப்பட்டதுல முழு நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன். பாடகர் பாடுன அன்னிக்கு ஓடின டேப்ல இருந்து ஒரு கை மாறி என் கைக்கு வந்திருக்குங்கற அந்தத் தொடர்புக்குத்தான் அவங்க காசு குடுத்தாங்க, அது இல்லன்னு தெரிஞ்சதும் ஏமாந்துட்டோம்னு நினைச்சாங்க.

அமெரிக்காவுல 2022ல 4.1 கோடி இசைத்தட்டு வித்துச்சு, சிடி 3.3 கோடி. எண்ணிக்கையில தட்டு சிடியத் தாண்டினது 1987க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. இன்னொரு கணக்கெடுப்பு லுமினேட்ங்கற நிறுவனம் 2023ல சொன்னது, அங்க தட்டு வாங்கறவங்கள்ல ரெக்கார்ட் பிளேயர் வச்சிருக்கறவங்க பாதிப் பேருதான். மீதிப் பேரு அதை எதுல போட்டுக் கேப்பாங்க? பாட்டு போன்லயே இருக்கு. அந்தப் பாட்டு தன்னோடதுன்னு சொல்ல அவங்களுக்கு அலமாரியில ஒரு பொருள் வேணும், அதுக்கு அந்தத் தட்டு போதும்.

நம்ம ஊர்ல இது எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் நின்னு சொல்லணும். பிலிப்ஸ் கம்பெனி 1963ல பெர்லின் கண்காட்சியில கேசட்டைக் காட்டினப்ப யாரும் பெருசா நினைக்கல. நம்மகிட்ட அது வீதி வீதியா வந்து சேர்ந்தது எண்பதுகள்லதான். அதுக்கு முன்னாடி தட்டும் கிராமபோனும் வசதியான வீட்டுச் சாமான், மத்தவங்களுக்கு ரேடியோவும் கல்யாண வீட்டு மைக் செட்டும்தான். கேசட் வந்த பிறகு பஜார்ல ஒரு ரெக்கார்டிங் கடை. உள்ள கண்ணாடித் தடுப்பு, ரெண்டு டெக், சுவரு முழுக்க தட்டு. நோட்டுல இருந்து கிழிச்ச பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். 60 நிமிஷ கேசட்னா சைடுக்கு 30 நிமிஷம், நாலரை நிமிஷப் பாட்டுன்னா ஆறு பாட்டு தாராளமா வரும், ஏழாவது சந்தேகம். எங்க அண்ணன் ஒரு வாரம் உக்காந்து அந்த லிஸ்ட்டைப் போடுவான், ஒரு பாட்டை அடிச்சு இன்னொண்ணை எழுதுவான், மறுபடி பழசையே எழுதுவான். கடைக்காரர் வாங்கிப் பார்த்துட்டு "இந்த ரெண்டும் அடுத்தடுத்து வந்தா நல்லாயிருக்காது தம்பி, மாத்திப் போடறேன்"னு சொல்லுவார். மூணு நாள் கழிச்சுப் போய் வாங்கிட்டு வந்தா, கடைசிப் பாட்டு பல்லவி முடிஞ்சு முதல் சரணத்துல பாதியில டக்னு நின்னு போகும். இன்னிக்கும் அந்தப் பாட்டை முழுசா கேக்கும்போது அந்த எடம் வந்தா என் மனசு ஒரு தடவை நின்னுட்டுத்தான் போகுது.

ஒவ்வொரு பாட்டும் இன்னொரு பாட்டைத் தள்ளிட்டு உள்ள வந்தது, அதனால அந்த 12 பாட்டும் அண்ணனோட ஆளாவே இருந்துச்சு. அதைக் கேட்டா அவன் அந்த வருஷம் எப்படி இருந்தான்னு சொல்லிடலாம். இப்ப என் ஆப்ல கோடிக்கணக்குல பாட்டு, எதையும் தள்ள வேண்டியதில்ல, புடிச்சதுக்கெல்லாம் ஹார்ட் போட்டு போட்டு 900 பாட்டு கிடக்குது, அதைப் பார்த்து என்னைப் பத்தி ஒருத்தரும் எதுவும் சொல்ல முடியாது.

காப்பி எடுக்கற விஷயமும் இதோட சேர்ந்தது. கேசட்ல இருந்து கேசட்டுக்குப் போட்டா இரைச்சல் கூடும், காப்பிக்குக் காப்பி எடுத்தா இன்னும் மங்கும். அதனால முதல் பிரதிக்கு ஒரு மரியாதை இருந்துச்சு, யார்கிட்ட ஒரிஜினல் இருக்குன்னு தெருவுக்கே தெரியும், இரவல் குடுத்தா ஆள் பார்த்துத்தான் குடுப்பாங்க. பைல்ல முதல், ரெண்டாவதுன்னே ஒண்ணு கிடையாது, நூறாவது காப்பியும் முதல் காப்பியும் அட்சரம் பிசகாம ஒண்ணு. பெரிய வரம்தான் இது. ஆனா எல்லாமே ஒண்ணுன்னா "இது"ன்னு விரல் காட்ட ஒண்ணு இல்லாமப் போயிடுது, எல்லார்கிட்டயும் இருக்குன்னு நினைச்சு யாரும் பத்திரப்படுத்தறதும் இல்ல.

போட்டோவுல பாருங்க. இன்னிக்கு கல்யாணத்துல கேமரா முழுக்க டிஜிட்டல், மூவாயிரம் படம் பென் டிரைவ்ல வருது. ஆனா போட்டோகிராபர் "ஆல்பத்துக்கு செலக்‌ஷன் பண்ணிக் குடுங்க"ன்னு போன் மேல போன் போடுவார், குடும்பமே உக்காந்து சண்டை போட்டு இருநூறு படம் எடுக்கும், சித்தப்பா ஒரு படத்துல கூட இல்லன்னு திருப்பித் தேடும். வீட்டுக்கு வர்றவங்க கையில குடுக்கறது அந்த ஆல்பத்தைத்தான். யாராவது தவறிட்டா முதல்ல நடக்கறதும் அதுதான், ஏதோ விசேஷத்துல போன்ல எடுத்த குரூப் போட்டோவுல இருந்து அவங்க முகத்தை மட்டும் வெட்டி, பின்னாடி நீலக் கலர் போட்டு, பிரேம் மாட்டி, ஹால்ல தொங்க விட்டு மாலை போடுவோம். படம் பொறந்தது போன்லதான், ஆனா கும்புடறதுக்கு அது சுவத்துக்கு வந்தாகணும். நான் அடிக்கடி நினைக்கற இன்னொரு விஷயம், கோடக்ல ஸ்டீவன் சாசன் 1975ல செஞ்ச முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைப் பதிய 23 விநாடி எடுத்துச்சு, அது பதிஞ்சதே ஒரு கேசட் டேப்லதான்.

இதுவரைக்கும் சொன்னது மனசு சம்பந்தப்பட்டது. ஆனா சனங்க பைலைக் குறைச்சு மதிக்கறதுல வெறும் மனசு மட்டும் இல்ல, நடைமுறையில அவங்க போடற கணக்கு சரிதான்னு எனக்குத் தோணுது. 2009 ஜூலையில அமேசான், கிண்டில்ல காசு குடுத்து வாங்குன ஜார்ஜ் ஆர்வெல்லோட ரெண்டு நாவலை வாசகர்களோட கருவிக்குள்ள இருந்தே தூரத்துல உக்காந்து அழிச்சுது. உரிமை இல்லாத ஒரு நிறுவனம் வித்துடுச்சுன்னு காரணம், பணமும் திருப்பிக் குடுத்தாங்க, அப்ப அமேசான் தலைவரா இருந்த ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனா ஒரு மாணவன் அந்தப் புத்தகத்துல எழுதி வச்ச குறிப்பெல்லாம் எதுக்கும் ஆகாமப் போச்சு. 2019ல மைக்ரோசாப்ட் தன்னோட மின்புத்தகக் கடைய மூடினப்ப, வாங்கியிருந்த புத்தகங்கள் மொத்தமும் திறக்காமப் போயிடுச்சு, அங்கயும் பணம் மட்டும்தான் திரும்ப வந்துச்சு. அதே 2019ல மைஸ்பேஸ்ங்கற சமூக வலைத்தளம், சர்வர் மாத்தும்போது 12 வருஷமா சனங்க ஏத்தி வச்ச பாட்டு, படமெல்லாம் போயிடுச்சுன்னு சொன்னாங்க, அதுல பல பேருக்கு வேற காப்பியே கிடையாது. வீட்டுக்குள்ள வந்து அலமாரியில இருந்து புத்தகத்தை எடுத்துட்டுப் போக எந்தக் கடைக்காரராலயும் முடியாது, இங்க முடியுது.

"வாங்கு"ன்னு பட்டன்ல எழுதியிருக்கும், உள்ள படிச்சா பயன்படுத்த அனுமதின்னு மட்டும்தான் இருக்கும். இது சரியில்லன்னு கலிபோர்னியாவுல 2024 செப்டம்பர்ல சட்டமே போட்டாங்க. வாங்கறது உரிமம் மட்டுந்தான்னு வெளிப்படையா சொல்லாம டிஜிட்டல் சரக்குக்கு வாங்குங்கற வார்த்தைய கடைங்க போடக் கூடாது, இல்லன்னா எப்பவும் கையில இருக்கற மாதிரி கீழ இறக்கிக்க விடணும். பாஸ்டன் ஆராய்ச்சிய இதோட சேர்த்துப் பாருங்க. வாடகைன்னு தெரிஞ்சா வித்தியாசம் போயிடுதுன்னு அங்க வந்துச்சுல்ல, இங்க நமக்குப் பாதி டிஜிட்டல் சாமான் வாடகைதான், பேருக்கு மட்டும் சொந்தம். நம்ம மனசு அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமலே அதைக் கண்டுபுடிச்சு வச்சிருக்கு.

அப்ப பேப்பரும் டேப்பும்தான் பத்திரமான்னு கேட்டா, தமிழனால அப்படிச் சொல்ல முடியாது. 1981 மே 31 ராத்திரி தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிஞ்சுது, சுமார் 97 ஆயிரம் புத்தகம், ஓலைச்சுவடி, பழைய பத்திரிகைத் தொகுப்பு எல்லாம் சாம்பல். அதுல பலதுக்கு வேற பிரதி கிடையாது. ஒரே ஒரு பிரதிங்கறதுதான் பொருளுக்கு மதிப்பு சேர்க்குதுன்னு மேல சொன்னேன், அந்த ஒரே பிரதிங்கறதுதான் அன்னிக்கு அதோட சாவாவும் ஆச்சு. அதுக்கும் முன்னாடி நம்ம வீடுகள்லயே கரையான் அரிச்சது, புரியாத ஏட்டை ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விட்டது எத்தனை எத்தனை. உ.வே.சா ஊர் ஊரா அலைஞ்சது எதுக்கு.

அதனாலதான் 2005ல நூலகம்னு ஒரு இணையத் திட்டத்தை ஈழத்தவங்க ஆரம்பிச்சு, வீடு வீடா மிஞ்சிக் கிடந்த புத்தகம், சஞ்சிகை, நினைவு மலரையெல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட ஆரம்பிச்சாங்க. 1998 பொங்கலுக்கு தொடங்குன மதுரைத் திட்டமும் இதே ரகம், உலகம் முழுக்க இருக்கற தமிழர்கள் சம்பளம் இல்லாம பழந்தமிழ் நூல்கள வரி வரியா தட்டச்சு பண்ணிக் குடுத்தாங்க. அந்த பைல்கள யாரும் குறைச்சு மதிக்கறதில்ல. ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தன்னோட ஊர்ப் பள்ளிக்கூட மலரை அந்தத் தளத்துல கண்டுபுடிச்சு, திரையத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பேரா வாசிச்சதை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அவங்க தொட்டது வெறும் கண்ணாடி, அதுக்குள்ள அட்டையும் இல்ல மணமும் இல்ல. ஆனா அதை யாரும் இனி எரிக்க முடியாது, அவங்க மகனோட கம்ப்யூட்டர்லயும் இறக்கி வச்சுக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. என்னைக் கேட்டா அனலாக், டிஜிட்டல்ங்கற சண்டையே இந்த எடத்துல வந்து கரைஞ்சு போகுது. என்கிட்ட இருந்து இதை யாரால எடுத்துட முடியும், அந்த ஒரு கேள்விக்கு வர்ற பதில்தான் மதிப்பு.

போன மாசம் அப்பத்தா கேசட்டை வெளிய எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வழியா பார்த்தா டேப் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்கு இது வந்தே தீரும். பழைய ஆடியோ வேலை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், அவர் ஸ்க்ரூவைக் கழட்டி, பட்டுத்துணியால டேப்பை அங்குலம் அங்குலமா தொடைச்சு, வேற கூட்டுல மாட்டி, டெக்ல ஹெட்டை சுத்தம் பண்ணி, "ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன், அதுக்கு மேல தாங்காது"ன்னு சொல்லிட்டு ஓட்டுனார். அந்த 22 நிமிஷம்ங்கறது 63 மீட்டர் டேப். கம்ப்யூட்டர்ல ஏத்துன பிறகு எனக்கு அனுப்பி வச்ச எம்பித்ரீ 21 எம்பி. ஒரு எடத்துல மட்டும் குரல் அமுங்கிப் போகுது, கெடாரி பத்தி சொல்ற எடம், அதை ஒண்ணும் பண்ண முடியலன்னு வருத்தமா சொன்னார்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எல்லாரும் கும்புடற கை போட்டாங்க, அழுதேன்னு அத்தை எழுதுனாங்க. மூணு வாரம் கழிச்சு அத்தை கூப்பிட்டு "அது எங்கயோ போயிடுச்சுப்பா, திருப்பி அனுப்பு"ன்னாங்க, சித்தப்பாவும் அதே. குரூப்ல போட்டா ஊர்ச்சொத்து, யார் வீட்லயும் இல்ல. அதனால சின்னதா மூணு ஹார்ட் டிஸ்க் வாங்கி, சுருக்காத பெரிய பைலாவே ஏத்தி, ஒண்ணு அத்தைக்கு, ஒண்ணு அண்ணனுக்குன்னு கையில குடுத்தேன். மூணாவதை அம்மாகிட்ட குடுத்தப்ப புரட்டிப் பார்த்தாங்க. கறுப்பா, வழுவழுன்னு, ஒரு எழுத்தும் இல்லாம இருந்துச்சு. "இதுல எப்படித் தெரியும் அப்பத்தா இருக்குதுன்னு?" ன்னு கேட்டுட்டு, காலண்டர் அட்டையில ஒரு துண்டு வெட்டி, நீலப் பேனாவால எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டி, காது உடைச்ச கேசட்டுக்குப் பக்கத்துலயே பட்டுப்புடவைக்கு அடியில வச்சுட்டு பீரோவைப் பூட்டிட்டாங்க.